ஹாரி பாட்டருக்கு முன்பே கிளம்பியவர்கள்
பதின்ம வயதுப் பிள்ளைகள் பெரும்பயணம் போகும் மாயக் கதைகள் 1997-இல் ஹாரி பாட்டரோடுதான் தொடங்கின என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. இந்த வகையைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுசேர்த்தது அந்த வரிசை, உண்மைதான். ஆனால் எழுத்தாளர் லாய்ட் அலெக்சாண்டரின் கதை நாயகன் டாரன், பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த பையன், 1964-லேயே கிளம்பிவிட்டான். டாரன் கதை வரிசையின் கடைசி நூல், சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கமும் 1969-இல் வாங்கியது.

மந்திரப் பள்ளியும் புதிதல்ல. உர்சுலா லெ குவினின் எர்த்சீ என்ற கதை வரிசையின் முதல் நாவலில், 1968-லேயே, அது இருக்கிறது. அங்கே படிக்கும் கெட், கர்வத்தில் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். முதலில் அதற்குப் பயந்து ஓடுகிறான். அப்புறம் சின்னப் படகில் ஏறி அதையே துரத்துகிறான். அந்தக் கடற்பயணத்தை அவசியம் படித்துப் பாருங்கள், எனக்கு இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.