நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

திருகோணமலையில் ஒரு சிறிய சூழல் அமைப்பின் நிர்வாக சபையில் ஐந்து வருசம் பொருளாளராக இருந்தேன். காசோலைக்குக் கையெழுத்து, வருசக் கணக்காய்வு, பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிப்பு. ஒரு சதம் பிசகியதில்லை. அதோடு என் கடமை முடிந்தது என்றுதான் நம்பியிருந்தேன்.

ஒரு வருசம் தம்பலகாமக் குடா ஓரம், உப்புத்தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரக் கன்று நட்டோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் நட்ட தொகையை வாசித்தேன், கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழும்பினார்.

"நட்டது கிடக்கட்டும் தம்பி. இப்ப எத்தினை நிக்குது?"

சபையில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் தெரியாது. எங்களில் எவருமே அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடியாத பள்ளத்தில் நட்டவை அழுகிக் கிடந்தன. மேட்டில் நட்டதை மாடு கடித்திருந்தது. அந்தப் பெரியவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இடம் காட்டியிருப்பார்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. காசு வந்தது, செலவானது, பற்றுச்சீட்டும் இருந்திருக்கும். நின்றதை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டியவர்கள் யார்? நிர்வாக சபைக்காரர்தான்.

அன்றாட வேலையில் சபை தலையிடக் கூடாது. எந்த வாகனம் போவது, எவர் போவது என்று தலைவர் தொலைபேசியில் உத்தரவு போடும் அமைப்பில் நல்ல கள அலுவலர் நிலைக்க மாட்டார். சபைக்கு வேறு வேலை உண்டு. யாருடைய காசை வாங்குவது, யாருடையதை மறுப்பது, எப்போது நீதிமன்றம் போவது? எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தபோது கொழும்பிலுள்ள ஒரு சூழல் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. அங்கே அதைக் கட்டப்போவதில்லை என்று 2016 செப்டெம்பரில் அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அப்படி ஒரு வழக்கின் சுமையைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் தலையில் கட்ட முடியாது. சபை முன்னால் நிற்க வேண்டும்.

எங்கள் ஊர்ச் சபைகளில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற அதிகாரி, வைத்தியர், அதிபர். நல்ல மனிதர்கள்தான், நானும் அந்த வரிசையில் வந்தவன். ஆனால் சுருக்குவலையாலும் டைனமைட்டாலும் மீன் குறைந்தால் அன்றைக்கே உலை கொதிக்காத வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே இல்லை.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். கரைவலைக்காரருக்கு ஓர் இடம், மட்டி எடுக்கும் பெண்களுக்கு ஓர் இடம் என்று அமைப்பின் விதிகளான யாப்பைத் திருத்தக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சந்தா மட்டும் கட்டிவிட்டு வராமல் இருக்கும் அங்கத்தவர்களே, இந்த முறை தயவுசெய்து வாருங்கள்.