லேப்ரடார் குட்டி தானாகப் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்

லேப்ரடார் குட்டி வாங்கப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "லேப் தானே, ஒரு வாரத்துல தானா பழகிடும்." பழகத்தான் செய்யும். கேஸ் சிலிண்டர் போட வருபவரிடமும் பழகும், கூரியர்காரரிடமும் பழகும். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாலாட்டுவது வேறு, பயந்தால் உங்கள் காலடிக்கு ஓடி வருவது வேறு. இரண்டாவது தானாக வராது. குட்டி வந்த முதல் சில வாரங்களில் வீட்டார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. எட்டாவது மாதத்தில் 25 கிலோவைத் தாண்டி, ஆளையே இழுக்கிறது, தட்டருகே போனால் உறுமுகிறது, தனியே விட்டால் கதவைப் பிறாண்டுகிறது என்று போர்ட்டிகோவில் கட்டிப்போடப்படும் லேப்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. பெரும்பாலும் தொடக்கத்திலேயே சரிசெய்திருக்கக் கூடிய விஷயங்கள் இவை.

முதலில் வயது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. ஆனால் 30, 35 நாள் குட்டியை "சின்னதா இருந்தாதான் நல்லா ஒட்டும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம்பாதீர்கள். கூடப் பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும் அந்தக் கடைசி மூன்று வாரங்களில்தான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அது தெரிந்துகொள்கிறது. பலமாகக் கடித்தால் எதிரே இருக்கும் குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் இல்லாமல் வரும் குட்டி உங்கள் பிள்ளைகளின் கையில்தான் அதைப் படிக்கும். எட்டு வாரம் முடியட்டும். தாயை நேரில் பாருங்கள். தாய் படுத்த துணியில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அங்கே என்ன தீனி போட்டார்களோ அதையே ஒரு வாரம் தொடர்ந்து போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இடமும் தீனியும் ஒரே நாளில் மாறினால் வயிற்றுப்போக்கு கிட்டத்தட்ட நிச்சயம்.

குட்டியைக் காலையில் கூட்டி வாருங்கள். இரவுக்குள் வீட்டின் வாசனை அதற்குக் கொஞ்சம் பழகியிருக்கும். அன்றைக்குச் சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைக்க வேண்டாம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பேய் பிடித்தது போல ஓடி, லுங்கியையும் நைட்டியையும் கவ்வி இழுக்கும் குட்டியைப் பார்த்து "சேட்டை" என்கிறோம். பல நேரம் அது தூக்கம் போதாத குட்டி. திட்டாமல், விளக்கை அணைத்து அதன் படுக்கையில் விட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

இரவில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடக்கும். பால்கனியிலோ குளியலறையிலோ அடைத்துவிட்டு "ரெண்டு நாள் கத்தட்டும், அடங்கிடும்" என்பார்கள் பெரியவர்கள். அடங்கும்தான். கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அடங்கும். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். அதுவரை ஏழெட்டு உடல்களின் சூட்டில் தூங்கிய உயிர் அது. கூண்டையோ உயரமான அட்டைப்பெட்டியையோ உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். உள்ளே தாயின் துணி. முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும், முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கும். பேச்சு வேண்டாம், விளக்கு வேண்டாம். ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கிய பிறகு, அது நிரந்தரமாகப் படுக்க வேண்டிய இடத்தை நோக்கிக் கூண்டை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை சில அடிகள் நகர்த்துங்கள். முனகல் திரும்ப வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஓர் அடி பின்னே போங்கள்.

அடுத்தது உச்சா. வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால், பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் அடக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை கூட்டிப்போக வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள், விளையாட்டு முடிந்தவுடன், இந்த மூன்றையும் தவறவிடாதீர்கள். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு அலாரம். ஒரே இடம், ஒரே சொல். போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே ஒரு துண்டு தீனி. பலர் வீட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுக்கிறார்கள். குட்டியின் கணக்கில் அது வீட்டுக்குள் வந்ததற்கான கூலி. போனவுடனே உள்ளே தூக்கி வராமல் ஐந்து நிமிடம் அங்கேயே விளையாட விடுங்கள். போனால் வேடிக்கை முடிந்துவிடும் என்று தெரிந்த குட்டி அடக்கிக்கொண்டே சுற்றும், உள்ளே வந்து ஹாலில் விடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் ஒரு அகலமான ட்ரேயில் மண்ணோ புல்தரையோ போட்டு வைக்கலாம்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே போனது தப்பு என்று அதற்குப் புரிவதில்லை, உங்கள் கண் முன்னால் போவது ஆபத்து என்று புரிகிறது. அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போகும். வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை போகாது. பேசாமல் துடையுங்கள். பினாயில் போட்டால் நமக்கு வாடை தெரியாது, குட்டிக்குத் தெரியும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்தோ, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தாலோ துடைத்தால்தான் பழைய இடத்தைத் தேடிப் போகாது.

சாப்பாட்டு விஷயத்தில் லேப் மற்ற இனங்களைப் போல இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அப்படிப்பட்ட நாய்க்குப் பசி சீக்கிரம் திரும்ப வரும், ஓய்வில் அதன் உடல் செலவழிக்கும் சக்தியும் குறைவு. அதனால் அது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வைத்து அளவைக் கூட்டாதீர்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. அளவு தீனிப் பையின் அட்டவணைப்படி, தராசில் நிறுத்து. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் லேசாகத் தடவினால் தட்டுப்பட வேண்டும். பசுவின் பாலும் செரலாக்கும் வேண்டாம், பலவற்றுக்கு வயிறு போகும். 'எலும்பு நல்லா வளரட்டும்' என்று கால்சியம் டானிக் ஊற்றுவது அதைவிட மோசம். பெரிய இனக் குட்டிகளால் மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது, எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது.

இந்தப் பசிதான் குடும்பத்தோடு அதைப் பிணைக்க நம்மிடம் இருக்கும் நல்ல கருவி. அன்றைய தீனியில் பாதியை எடுத்து வைத்து, தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என ஆளுக்கு ஒரு கைப்பிடி பிரித்துக் கொடுங்கள். பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் ஒன்று, கூப்பிட்டதும் வந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. கூப்பிடும் சொல் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் "வா", இன்னொருவர் "கம்", மூன்றாமவர் விசில் என்றால் அது எதையுமே கற்காது. வரவழைத்துவிட்டு மருந்து கொடுக்கவோ திட்டவோ செய்யாதீர்கள், அதற்கு நீங்களே நடந்து போங்கள்.

சாப்பிடும்போது தட்டுக்குள் கை விட்டுக் கிளறுவதும், பாதியில் பிடுங்கி 'யார் பெரியவன்னு தெரியணும்' என்பதும் மிகத் தவறான பழக்கம். உறுமாத குட்டியை உறுமவைப்பது அதுதான். பதிலாக, அது சாப்பிடும்போது இரண்டடி தள்ளி நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். கவனித்துப் பாருங்கள். முதல் நாள் உங்கள் காலடி கேட்டதும் கழுத்து விறைக்கும், விழுங்கும் வேகம் கூடும், தலையைத் திருப்பாமலே கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும். அப்போது இன்னும் இரண்டடி தள்ளியிருந்து போடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் காலடி கேட்டதும் தட்டிலிருந்து முகத்தைத் தூக்கி வாலாட்டும். மனிதக் கை எதையும் பறிக்காது, கொண்டுவரும் என்று அது முடிவு செய்துவிட்டது. உடம்பு விறைத்திருக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடவே கூடாது.

வழவழப்பான டைல்ஸ் தரையில் குட்டியின் பின்னங்கால் அகன்று வழுக்கும். ஓடும் பாதையில் பழைய சாக்கு, யோகா மேட் எதையாவது விரியுங்கள். மூன்று மாத வயது ஆகும் முன்பே தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்று நார்வேயில் லேப்ரடார்களையும் சேர்த்துச் செய்த ஆய்வு காட்டியது. படியில் தூக்கிக்கொண்டு போங்கள்.

தடுப்பூசி முடியும்வரை, அதாவது 16 வாரம் வரை, வெளியே காட்டவே கூடாது என்று பலர் பூட்டிவைக்கிறார்கள். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் பற்றிய பயம் நியாயமானது, அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் உலகம் பயப்படும்படி இல்லை என்று குட்டி கற்கும் காலம் 14 வாரத்தோடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. இரண்டுக்கும் வழி, தரையில் விடாமல் மடியில் வைத்துக் காட்டுவது. ஹெல்மெட் போட்டவர், குடை, ஆட்டோ சத்தம், மிக்சி, குக்கர் விசில், தீபாவளி வெடிச் சத்தத்தின் பதிவு குறைந்த ஒலியில், ஒவ்வொன்றோடும் ஒரு துண்டு தீனி. தெருநாய்கள் நடமாடும் மண்ணில் மட்டும் இறக்காதீர்கள். உண்ணிக்குக் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவ வேண்டாம், கற்பூரம் நாய்க்கு விஷம். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார்.

கடைசியாக, தனிமை. இருபத்து நான்கு மணி நேரமும் யாராவது கூடவே இருந்துவிட்டு, பள்ளி திறந்ததும் திடீரென்று எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் அது ஊளையிடும். மூன்றாம் நாளிலிருந்தே, வயிறு நிறைந்து சோர்ந்திருக்கும் நேரத்தில், கடித்து மெல்லுவதற்கு ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு அரை நிமிடம் அடுத்த அறைக்குப் போய் வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், மூன்று, பத்து. குட்டி அழத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம். நான்கு மாதம் ஆகும்வரை பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டிய வீடாக இருந்தால், நடுவில் வந்து உச்சாவுக்குக் கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்த பிறகு குட்டியைக் கூட்டி வாருங்கள்.