வெட்டு மெசினுக்கு வர்த்தமானி தேவைப்படவில்லை

போன கிழமை ஒரு தம்பி, களத்தில் நெல் அடிக்கும்போது பாடுகிற பொலிப்பாட்டு வீடியோ ஒன்றைப் போட்டு, "எங்கட பண்பாட்டை இயந்திரம் கொன்றுவிட்டது" என்று நாலு பந்தி எழுதியிருந்தார். நானும் ஒரு இதயத்தை அமத்திவிட்டு, போனைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். மட்டக்களப்புப் படுவான்கரையில் முப்பது வருசத்துக்கு மேல் நெல் வேளாண்மை வெட்டின கை அவருடையது. பாட்டு முடியுமட்டும் கேட்டார். பிறகு, "பாட்டு நல்லாத்தான் இரிக்கி மனே. இந்தத் தம்பிக்கு எப்பயாவது சுணை பட்டிரிக்கா எண்டு கேளு" என்றார். நெற்தாளில் கை பட்டால் அரிக்கிற மயிர்தான் சுணை.

அன்றிலிருந்து இந்த விசயம் மண்டைக்குள் சுத்திக்கொண்டு நிற்கிறது.

நான் உயர்தரத்துக்கு வரலாறு படித்தவன். பிரெஞ்சுப் புரட்சிக்கும் கைத்தொழிற் புரட்சிக்கும் காரணம் இத்தனை, விளைவு இத்தனை என்று பாடமாக்கி எழுதிப் பாஸானவன். புரட்சி என்றால் கொடி பிடிப்பது, சிறை உடைப்பது என்றுதான் அப்போது நினைப்பு. இப்போது பார்த்தால், அரசாங்கம் கட்டளை போட்டு மாற்றப்போன எத்தனையோ விசயம் மாறாமலே கிடந்திருக்கிறது. 1793இல் பிரான்ஸில் பழைய கலண்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிழமைக்குப் பத்து நாள், பத்தாம் நாள்தான் ஓய்வு என்று சட்டம் போட்டார்கள். ஊராக்கள் ஞாயிற்றுக்கிழமையை விடுகிறதாக இல்லை. கடைசியில் 1806 தை முதலாம் திகதியோடு நெப்போலியனே அந்தக் கலண்டரை நிறுத்திவிட்டார். நாங்களும் அந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தவர்கள்தான். 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு லீவு கிடையாது, நிலவை வைத்து வருகிற போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் லீவு. இண்டைக்குப் பள்ளிக்கூடமா இல்லையா என்று கலண்டரைப் பார்த்துத்தான் புறப்படுவோம் என்று அம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பார். அஞ்சு வருசத்தில் பழையபடி சனி ஞாயிறு வந்துவிட்டது.

நெல் வெட்டுகிற மெசினுக்கு அரசாங்கத்தின் எந்த வர்த்தமானி அறிவித்தலும் வரவில்லை. லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வட்டைக்குள், அதுதான் வயல்வெளிக்குள், இறக்கினார்கள், அவ்வளவுதான். வெட்டு, கதிரைக் குவிக்கிற சூடு வைப்பு, அதை மிதித்து நெல்லைப் பிரிக்கிற சூடு அடிப்பு, தூற்றல் எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்து நெல் பைக்குள் விழுகிறது. அண்டைக்கே வியாபாரி ஈர நெல்லை வயலில் வைத்தே அள்ளிக்கொண்டு போகிறார். முற்றத்தில் நெற்பட்டறை இல்லை, சூடு அடிக்கிற களவெட்டி இல்லை, நெல் தூற்றுகிற அவுரி எங்கே கிடக்கிறதென்று கேட்டால் ஆருக்கும் தெரியாது.

ஒன்றைச் சொல்லவேணும். பொலிப்பாட்டை வெட்டு மெசின் கொல்லவில்லை. எருமையை அவிழ்த்துவிட்டு உழவு மெசினைச் சூட்டில் ஏற்றி மிதிக்கவிட்ட காலத்திலேயே பாட்டுப் போய்விட்டது. அந்த இரைச்சலுக்குள் ஆர் பாடுகிறது? அதைவிட, எங்கட குடும்பத்துக் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைக்கவே விட்டதில்லையாம். பெரியம்மா வெட்டின நெல்லுக்குத்தான் அந்தப் பாட்டு. அவர் கேட்டதெல்லாம் வரம்பில் தூர நின்றுதான். பாட்டை நினைத்து அவர் அழாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அவருக்கு வேறொரு கவலை. கதிர் பொறுக்கல் இல்லாமல் போனது. வெட்டு முடிந்த வயலில் சிந்தின கதிரைப் பொறுக்குவது இல்லாதபட்ட பெண்களின் பங்கு. ஆரும் எழுதி வைக்காத உரிமை. இங்கிலாந்தில் இதை நீதிமன்றம் போய்த்தான் முடித்தார்கள். அறுத்த வயலில் கதிர் பொறுக்க ஆருக்கும் உரிமை இல்லை என்று 1788இல் தீர்ப்பு வந்தது. இங்கே வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. மெசின் போன தடத்தில் பொறுக்கக் கதிரே கிடைப்பதில்லை.

1830இல் இங்கிலாந்தின் தென்பகுதிக் கூலியாட்கள் ராவோடு ராவாகப் போய்ச் சூடடிக்கிற மெசின்களை உடைத்தார்கள். மாரி காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை தடியால் கதிரடிப்பதுதான், அதை மெசின் பிடுங்கிவிட்டது. பண்ணைக்காரர்களுக்கு "கப்டன் சுவிங்" என்று கையெழுத்துப் போட்டு மிரட்டல் கடிதங்கள் போயின. அப்படி ஒரு மனுசனே இல்லை! ஆனால் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஐந்நூறு பேருக்குக் கிட்ட ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள்.

எங்கட ஊரில் ஒருத்தரும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லையே, ஏன்? பயந்த சனம் என்பதாலா? இல்லை. மெசின் வந்தபோது வெட்டுகிற கை ஊரில் இல்லை. சண்டை கொண்டுபோனது பாதி. சவூதியும் குவைத்தும் கட்டாரும் கொண்டுபோனது மீதி. பத்துப் பேர் நின்று வெட்டின ஏக்கருக்கு மூன்று பேரைத் தேடிப்பிடிப்பதே பாடாயிருந்த நேரத்தில் அது வந்தது. வரவேற்றுத்தான் எடுத்தோம்.

எனக்குக் கோபம் வேறொரு இடத்தில். இங்கிலாந்தில் தறியை இழந்தவன் பட்டினி கிடந்தான், உண்மை. 1820களில் அங்கே கைத்தறிக்காரர் இரண்டு இலட்சத்துக்கும் மேல். நீராவித் தறி வந்து அவர்கள் பிழைப்பைத் தின்றது. ஆனால் அவனுடைய பிள்ளை நடந்துபோகிற தூரத்தில் ஒரு ஆலை இருந்தது. கொடுமையான ஆலைதான், ஆனாலும் அங்கே சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், பிறகு வாக்குரிமையும் கேட்டார்கள். எங்களிடம் மெசின் மட்டும் வந்தது. அந்த ஆலை வரவில்லை. பெரியம்மாவின் மகளுக்கு அமைந்த ஆலை றியாத்தில் ஆரோ ஒருத்தரின் குசினி. அங்கே அவள் ஆரோடு சேர்ந்து சங்கம் கட்டுகிறது?

வந்த ஆலைகளும் உண்டு, மறைக்கவில்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் ஓடத் தொடங்கியது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது போட்ட அடித்தளம் அது. வைக்கோலில் கடதாசி! வட்டையில் மிஞ்சினதைக் கொண்டுபோய்க் கூழாக்கி, எங்கட பிள்ளைகள் எழுதத் தாள் ஆக்கின இடம். கடதாசி மெசினை நினைத்த நேரம் நிறுத்தி நினைத்த நேரம் ஓட்டேலாது. அதனால் இரவு பகலாக முறை மாறி வேலை. மழையையும் வெயிலையும் பார்த்து எழும்பின ஊராக்கள் மணிக்கூட்டைப் பார்த்து எழும்பப் பழகினார்கள். மாதச் சம்பளம், சேமலாப நிதி, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே முறையில் நின்று வேலை செய்த இடம். போரில் நொடிந்து, பிறகு வருசக்கணக்கில் மூடிக் கிடந்தது.

கிழக்கில் நெசவுக்குப் பேர்போன மருதமுனையைப் பாருங்கள். எழுபதுகளில் வெளிநாட்டுத் துணிக்குக் கதவடைத்த காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். 1977இல் தேர்தலில் வென்று வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். மலிவுத் துணி கப்பலில் வந்து இறங்க, நெசவுக்காரர் தறியை மடக்கினார்கள். இது தேர்தலில் வந்த புரட்சி என்பேன். ஆரும் பஸ்தீல் சிறையை உடைக்கவில்லை, ஆனால் இடுப்பில் கட்டுகிற சாரம் நெய்கிற வீட்டின் அடுப்பு அணைந்தது. இன்றும் மருதமுனைச் சாரம் என்றால் தனி மதிப்பு என்பது உண்மைதான், அது விட்டுக்கொடுக்காத கொஞ்சப் பேரின் பிடிவாதம்.

கல்லோயா ஆற்றுத் திட்டத்தைப் பற்றி எழுதினால் கொமண்டில் சண்டை வரும் என்று தெரியும், என்றாலும் விடேலாது. 1949இல் சபை அமைத்து, அமெரிக்கக் கம்பனியைக் கொண்டு இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். தண்ணி வந்தது, பச்சை வந்தது. அந்தத் தண்ணியோடு சிங்களக் குடியேற்றமும் வந்தது, 1956இல் அங்கே இரத்தமும் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பிரித்து அம்பாறையை உண்டாக்கினார்கள். புல்டோசர் மண்ணை மட்டும்தான் தள்ளுகிறது என்று நம்புகிறவர்கள் அந்தக் காலத்து வாக்காளர் இடாப்பையும் இன்றைய இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சரி, பெரியம்மாவிடம் வருகிறேன். இந்தப் பெரும்போகத்தில் எங்கட வயலின் தெற்கு மூலை ஈரமாய்க் கிடந்தது. மெசின் இறங்கினால் புதையும் என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டார். பெரியம்மா விடவில்லை, கூரைக்குள் செருகிக்கிடந்த தாக்கத்தியை எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். அரை மணித்தியாலத்தில் எனக்குக் கை முழுக்கச் சுணை, இடுப்பு நிமிரவில்லை. அவர் இரண்டு மணித்தியாலம் வெட்டினார். பிறகு வரம்பில் குந்தி, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இது காய எத்தின நாள் செல்லும் மனே? மறுகாவும் அந்த மெசின்காரனுக்கு ஒருக்காப் போன் எடுத்துப் பாரன்."