தண்ணி வேணாம்மா

எங்கள் கடையில் வந்து உட்கார்ந்தவர்களிடம் இரண்டு கேள்வி கேட்போம். சாப்பிட என்ன? தண்ணி என்ன? ஆண்கள் தே தாரேக், லிமாவ் ஐஸ் என்பார்கள். பிள்ளைகளுக்கு மைலோ. பெண்களில் பலர், முக்கியமாக ஐம்பதைத் தாண்டியவர்கள், "எனக்குத் தண்ணி வேணாம்மா" என்று கையை ஆட்டிவிடுவார்கள். பதினொரு வருடம் இதைக் கேட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். சிக்கனம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். இனிப்பு நீர் வியாதி இருக்கும் என்று நினைத்தேன்.

போன வருடம் ஒரு பாட்டி வந்தார். கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் போகிற குடும்பம், வழியில் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் சாப்பிட இறங்கினார்கள். (எனக்கு இன்னும் வாயில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் வருகிறது.) பாட்டி இலையில் தண்ணீர் தெளித்தபடியே என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற மருமகனுக்குக் கேட்காத குரலில், "இங்க டாய்லெட் எப்படிம்மா இருக்கும்?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா, எனக்குத் தண்ணி வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு அந்த டாய்லெட்டுக்குள் போய் நின்றேன், வாடிக்கையாளர் மாதிரி. சமையல்கட்டின் ஈரத் தரையைத் தாண்டிப் போகவேண்டும். வழியில் கேஸ் தோம்பு, அரிசி மூட்டை, எண்ணெய் டின். கதவின் தாழ்ப்பாள் எப்போதோ போய், ராஃபியா கயிறு கட்டியிருந்தது. கைப்பையை மாட்ட இடமில்லை. தரை முழுக்க ஈரம். சோப்பு இல்லை. மாதவிடாய் நாளில் ஒரு பெண் உள்ளே வந்தால் பேடை எங்கே போடுவாள்? குப்பைத் தொட்டியே கிடையாது. நானும் ஒரு பெண். இந்தக் கடையில் எனக்கு அவசரம் வந்தால் பக்கத்துத் தாமானில் இருக்கிற என் வீட்டுக்கு மோட்டாரில் போய்விடுவேன். பதினொரு வருடம் அப்படித்தான் போயிருக்கிறேன். வந்தவர்களுக்கு அந்த வீடு கிடையாது.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பிறகு பாமாயில் எடுக்கிற செம்பனை வந்ததும் உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். மலேசியாவிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது, 1917இல் நட்டது. அந்தக் காலத்திலிருந்து இந்தப் பக்கத்து நிரைகளில் வேலை செய்த பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் இருந்ததில்லை. அம்மா விடியற்காலையில் வரக்கோப்பி அரைக் கிளாஸ் குடிப்பார், அவ்வளவுதான். மத்தியானம் லயத்துக்குத் திரும்பும்வரை தண்ணீரைத் தொடமாட்டார். பாம்புக்குப் பயம், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் முன்னால் வெட்கம். நீர்க்கடுப்பு வந்து எத்தனையோ தடவை கிளினிக்குப் போயிருக்கிறார். "அடக்கி அடக்கிப் பழகிப்போச்சு" என்பார். அப்படிப்பட்டவர் பெற்ற மகள் நான் கடை வைத்து, வருகிற பெண்களையும் அடக்க வைத்திருக்கிறேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

வியாபாரமாகவே பாருங்கள். வாழையிலைச் சாப்பாட்டில் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். காய்கறி விலை, மீன் விலை, சோறு கேட்கக் கேட்கப் போடுகிறோம். லாபம் தண்ணியில்தான் இருக்கிறது. ஒரு மேசையில் ஆறு பேர் உட்கார்ந்து, மூன்று பேர் தண்ணி வேண்டாம் என்றால் என்ன நஷ்டம் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் வாடிக்கையாளர் சொல்லிவிடுவார். டாய்லெட் நாற்றம் என்று யாரும் கல்லாவில் வந்து சொல்லமாட்டார்கள். காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அடுத்த முறை வேறு கடை முன்னால் காடியை நிறுத்துவார்கள்.

நாம் செலவு செய்யாதவர்கள் இல்லை. கடைக்கு முன்னால் விளக்கு எரிகிற பெயர்ப்பலகை, படம் பிடிக்கச் சுவரில் பிளாஸ்டிக் பூ, குளிர்சாதனம் எல்லாம் போட்டோம். பின்பக்கம் பத்தடிக்குப் பத்தடி அறைக்கு மட்டும் காசு இல்லை என்றோம்.

வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் ஙா கோர் மிங் கழிவறைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்து கடைக்காரர்கள் நடுவில் ஒரே முணுமுணுப்பு. அந்த முயற்சிக்குப் பிஎம்டபிள்யூ என்று பெயர் வைத்தார்கள்: பெர்சே, மெனாவான், வாஙி. சுத்தமாக, பார்க்க நன்றாக, மணமாக. "நகராண்மைக் கழகம் முதலில் பாசாரில் இருக்கிற அதோட தண்டாஸைக் கழுவட்டும்" என்று நம் ஆட்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2019 ஜனவரியில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தபோதும் வியாபாரம் படுத்துவிடும் என்றுதான் சொன்னோம். இன்று கைக்குழந்தையோடு வந்து உட்காருகிறார்கள். சட்டம் வந்து தள்ளாமல் நாம் நகர்ந்திருக்க மாட்டோம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதாக இருக்கிற அந்த "வாஙி"யைத்தான் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் வாசனை உருண்டை, ஸ்பிரே, தானாகப் பீய்ச்சுகிற டப்பா என்று வாங்கிப் போட்டேன். நாற்றத்தின் மேல் மல்லிகை வாசனை ஏறி, இன்னும் குமட்டியது. பிறகு பிளம்பிங் வேலை பார்க்கிற ஒரு தம்பி வந்து தரையில் குந்தி உட்கார்ந்து காட்டினார். டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற சிமெண்டுக் கோடு ஈரத்தை உறிஞ்சும். சிறுநீர் அதில் ஊறிக் கிருமியால் சிதைந்து அமோனியா வாடையாக வெளியே வரும். மேலே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே இருப்பது போகாது. கறை போக நாங்கள் ஊற்றிய ஆசிட் அந்தச் சிமெண்டையே அரித்து, இன்னும் அதிகமாக உறிஞ்ச விட்டிருந்தது. தரைத் தண்ணீர் போகிற ஓட்டைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும், அதுதான் சாக்கடை வாடைக்குக் கதவு. எங்களுடையது உடைந்து கிடந்தது. காற்றாடி இருந்தது, ஆனால் காற்றைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

கோடுகளைச் சுரண்டி உறிஞ்சாத பூச்சு வைத்து, வளைவுக் குழாயை மாற்றி, காற்றாடியை வெளிச் சுவருக்குத் திருப்பியதும் முக்கால்வாசி நாற்றம் போய்விட்டது. வாசனை டப்பாவே தேவைப்படவில்லை. பெயர்ப்பலகைக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையும் குளோராக்ஸ் மாதிரி வெளுக்கும் திரவத்தையும் ஒன்றாக ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், கழுவுகிறவர் மயங்கி விழுந்துவிடலாம்.

கழுவுகிறவர் என்று சொன்னேன். இங்கேதான் நம் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை. பாத்திரம் கழுவுகிற அக்காவையே "அப்படியே அதையும் ஒரு தடவை பார்த்திருங்க" என்று அனுப்புகிறோம். டாய்லெட் கழுவிய கையோடு அவர் வெங்காயம் நறுக்க வருகிறார். நாம் எல்லாரும் சமையல் ஆட்களுக்கு டைபாய்டு ஊசி போட்டுச் சான்றிதழை வைத்திருக்கிறோம். டைபாய்டு கிருமி மலத்திலிருந்து கை வழியாகத்தான் சாப்பாட்டுக்குப் போகிறது. ஊசி முழுக் காவல் இல்லை, சோப்புதான் முதல் காவல். அந்தச் சோப்பு டாய்லெட்டில் இல்லை என்றால் சுவரில் மாட்டிய சான்றிதழ் யாரைக் காப்பாற்றும்?

இதற்கென்றே ஓர் ஆளை வைத்தேன். எங்கள் பழைய தோட்டத்து அக்காதான், முழங்கால் வலியால் வெளிக்காட்டு வேலையை விட்டவர். உச்சி நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்ப்பார், தரையை ரப்பர் கட்டையால் வழித்து உலர வைப்பார், சோப்பு, டிஷ்யூ, தொட்டி பார்ப்பார். நமக்குத் தண்ணீர்க் குழாய் இல்லாமல் ஆகாது, மலாய்க்கார வாடிக்கையாளருக்கும் அப்படித்தான். மின்மினி பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கு டிஷ்யூ வேண்டும். இரண்டும் இருக்கட்டும், ஆனால் தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் வழுக்கி விழுகிற முதியவரின் இடுப்பு எலும்புக்கு யார் பதில் சொல்வது? அந்த அக்காவுக்குப் பணிவான பேச்சு, கையுறை, பூட்ஸ், உட்கார நாற்காலி, மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025இல் சட்டமாகிவிட்டது, அது டாய்லெட் கழுவுகிறவருக்கும் சேர்த்துத்தான். "கக்கூஸ் கழுவுறவளுக்கு இவ்வளவா" என்று என்னிடமே ஒரு முதலாளி கேட்டார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

"நாம சுத்தமா வச்சாலும் வர்றவங்க நாறடிச்சிட்டுப் போறாங்க" என்று சொல்வார்கள். சிலர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடையில் நான் கண்டது: தரை காய்ந்து, வெளிச்சம் வெள்ளையாக இருக்கிற நாளில் அப்படிச் செய்கிறவர்கள் குறைவு. ஏற்கெனவே நாறிக் கிடக்கிற இடத்தில் யாருக்கும் மனம் வருவதில்லை.

பக்கத்துச் சிங்கப்பூரில் ஜேக் சிம் என்ற வியாபாரி இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டு, 2001 நவம்பர் 19இல் உலகக் கழிவறை அமைப்பைத் தொடங்கினார். அந்தத் தேதியைத்தான் 2013இல் ஐக்கிய நாட்டுச் சபை உலகக் கழிவறை நாளாக ஏற்றுக்கொண்டது. வெட்கப்படாமல் பேசிய ஒரு வியாபாரியால் வந்த நாள் அது. நம் வணிகர் சங்கக் கூட்டங்களில் அந்நியத் தொழிலாளர், வாடகை, மின்கட்டணம் எல்லாம் பேசுகிறோம். இதை எடுத்தால் "சாப்பாட்டு நேரத்துல என்ன பேச்சு" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் வேறு எந்த நேரத்தில் பேசுவது?

கடையில் சாப்பிடாதவர்களுக்கும் இப்போது திறந்துதான் வைத்திருக்கிறேன். செம்பனை லாரி ஓட்டுநர்கள் வருகிறார்கள். ஸ்கூல் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை.

தண்ணி வேண்டாம் என்கிறவர்கள் குறைந்திருக்கிறார்களா என்று கேட்டால், உள்ளூர்க்காரர்களில் சிலர் இப்போது தே ஓ கேட்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இன்னும் யோசித்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பாட்டி திரும்ப வரவில்லை.

இந்த வாரம் நம் அக்கா ஒன்று சொன்னார். கதவுக்குப் பின்னால் கைப்பை மாட்ட நான் அடித்த கொக்கி என் உயரத்துக்கு இருக்கிறதாம், கூன் விழுந்த பாட்டிகளுக்கு எட்டவில்லை, பையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே உட்காருகிறார்களாம். நாளைக்குக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி ஒரு முழம் கீழே அடிக்க வேண்டும்.