கல்லில் அரைத்த மாவும் கண் கட்டிய கழுதையும்

போன வாரம் நண்பர் ஒருவர் சீனக் கிராமத்து வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். மூங்கில் தோப்பு, பனிமூட்டம், முற்றத்தில் ஒரு பெண். ஊறிய சோயாவைக் கரண்டி கரண்டியாகக் கல்லின் குழியில் விடுகிறாள். விளிம்பிலிருந்து வெள்ளை வெளேரென்று பால் வழிகிறது. கூடவே நண்பரின் வரி: "மெஷின் வந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு."

வீடியோ எனக்கும் பிடித்தது. நாலு தடவை பார்த்தேன். நாலாவது தடவைதான் கவனித்தேன், அவள் கல்லைச் சுற்றுவது மொத்தம் பதினோரு விநாடி. அடுத்த காட்சியில் வாளி நிறைந்திருக்கிறது. இடையில் போன நேரம் எங்கே? எங்கள் பாட்டி திருகையில் உளுந்து உடைத்த நாளில் ராத்திரி வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் படுத்திருப்பார். வெட்டப்பட்ட அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சீனர்கள் அந்தக் கல்லை 'மோ' என்கிறார்கள். திருகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அசையாத அடிக்கல், நடுவில் முளை, மேலே சுற்றும் கல், தானியம் போட ஒரு குழி. அந்தக் குழிக்கு அவர்கள் வைத்த பெயர் 'கண்'. சூட்சுமம் எல்லாம் வெளியே தெரியாத இடத்தில், இரண்டு கல்லும் சேரும் முகத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்து ஆரம்பக் கற்களில் அங்கே இலந்தைக் கொட்டை வடிவில் சின்னச் சின்னப் பள்ளங்கள்தான். அவை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிற்காலத்தில் வட்டத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் இணையாகக் காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், வெட்டினார்கள். மாவு காடி வழியே தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். காடி தேய்ந்தால் திரும்பக் கொத்த வேண்டும், அதற்கென்றே கைவினைஞர்கள் இருந்தார்கள். தெருவில் அம்மி கொத்துகிறவரின் குரலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைப் படித்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தக் கல் பரவுவதற்கு முன்னால் அங்கே கோதுமையை முழுசாக வேகவைத்துச் சோறு போலத் தின்றார்கள். கரடுமுரடான ஏழைச் சாப்பாடு அது. நூடுல்ஸ், ஆவியில் வெந்த மான்தோ ரொட்டி எல்லாம் மாவு வந்தபின் வந்த சமாசாரம். ஆனால் கல்லைச் சுற்ற யாராவது வேண்டுமே.

1968இல் ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் லியு ஷெங் என்ற ஹான் இளவரசரின் கல்லறையைக் கண்டுபிடித்தார்கள். கி.மு. 113இல் இறந்தவர். பச்சைக்கல் துண்டுகளைத் தங்கக் கம்பியால் கோர்த்துச் செய்த அவருடைய சவ உடைதான் உலகப் புகழ் பெற்றது. என் கண் போனது வேறு இடத்துக்கு. அதே கல்லறையில் அடியில் வெண்கலப் புனலோடு ஓர் அரவைக்கல், பக்கத்தில் ஒரு மிருகத்தின் எலும்புக்கூடு. மறு உலகத்திலும் மாவு வேண்டுமாம். அதனால் சுற்றுகிற ஜீவனும் கூடவே போயிருக்கிறது.

அப்புறம் தண்ணீர் வந்தது. தாங் வம்சக் காலத்தில் (கி.பி. 618–907) தலைநகர் சாங்கானைச் சுற்றியிருந்த கால்வாய்களில் நீர்ச்சக்கரம் வைத்து அரைப்பது பெரும் பணம் கொழிக்கும் தொழில். வைத்திருந்தவர்கள் பிரபுக்கள், அரண்மனை அதிகாரிகள், பெரிய பௌத்த மடங்கள். காவோ லிஷி என்ற செல்வாக்கான அரண்மனை அண்ணகர் (விதை நீக்கப்பட்ட பணியாளர்) ஓர் ஆற்றை மறித்து ஐந்து சக்கரம் ஓட்டி நாளொன்றுக்கு 300 ஹூ கோதுமை அரைத்தார் என்று வரலாற்று நூலில் இருக்கிறது. ஹூ என்பது அந்தக் காலத்துப் பெரிய முகத்தலளவை, நம் மரக்கால் எல்லாம் பக்கத்தில் நிற்காது.

சக்கரம் சுற்றத் தண்ணீரைத் தேக்க வேண்டும், திருப்பிவிட வேண்டும். வயலுக்கு என்ன மிஞ்சும்? கடைமடை விவசாயி என்ன பாடு பட்டிருப்பான் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த தாங் காலத்து நீர்ச் சட்டச் சுவடியில் இதற்கு ஒரு விதி உண்டு. சிறிய பாசனக் கால்வாய்களில், கீழே நீர் வீணாகிற இடத்தில் இருக்கும் அரவைக்கல் எட்டாம் மாதக் கடைசியிலிருந்து புத்தாண்டு வரைதான் ஓடலாம். மற்ற மாதங்களில் மதகுக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அதோடு விடவில்லை, கல்லையே கழற்றி வைக்கச் சொல்கிறது சட்டம். பூட்டை மட்டும் நம்ப முடியாது என்று சட்டம் எழுதிய குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

சட்டம் எழுதி என்ன, பெரிய இடத்துக் கல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 778இல் பேரரசர் டைசோங், பாய் என்ற பாசனக் கால்வாயில் இருக்கும் அரவைக்கற்களை எல்லாம் இடிக்க உத்தரவிட்டார். அவருடைய சொந்த மகள் ஷெங்பிங் இளவரசிக்கு அங்கே இரண்டு சக்கரம். பூச்சு, பவுடர் செலவுக்கான வருமானம் அது, பெயரே அப்படித்தான். அவளுடைய மாமனார், நாட்டைக் காப்பாற்றிய தளபதி குவோ ஸியிக்கு இன்னும் இரண்டு. அதிகாரிகள் கை வைக்கப் பயந்தார்கள். மகள் அப்பாவிடம் போய் முறையிட்டாள். மக்களுக்காகத்தான் இதைச் செய்கிறேன், உனக்குப் புரியாதா, நீயே முதலில் வழிகாட்டு என்றார் அப்பா. அன்றைக்கே இடித்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களுடையதும் போயின, மொத்தம் 80-க்கும் மேல். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆனால் மகள் முறையிட்டதற்கு அப்பா தலையாட்டியிருந்தால் அந்த வயல்களின் கதி என்ன?

வீட்டுக் கல்லின் கதையைச் சீனப் பழமொழிகளே சொல்லிவிடும். காசிருந்தால் பேய் கூட வந்து அரவைக்கல்லைச் சுற்றும் என்று ஒன்று. அதாவது காசில்லாமல் யாரும் விரும்பிச் செய்யாத வேலை. இன்னொன்று, அரைத்து முடிந்து அவிழ்த்ததும் கழுதையை அடித்துக் கொல்வது. நாம் 'ஆறு கடக்கிறவரை அண்ணன் தம்பி' என்கிறோமே, அந்த இடத்தில் அவர்கள் இதைச் சொல்வார்கள். வடக்கே கழுதைக்குக் கண்ணைக் கட்டித்தான் பூட்டினார்கள். கழுதை இல்லாத வீட்டில்? பெண்கள்தான், வேறு யார்.

சரி, ருசி? அதில் நண்பர் பக்கம் நியாயம் உண்டு. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாகாது. தவிடும் முளைக்கருவும் கூடவே அரைபடுவதால் வாசனை தனி. அந்த முளைக்கருவின் எண்ணெயால்தான் மாவு சீக்கிரம் சிக்கு நாற்றமும் அடிக்கும். இன்னொரு வேடிக்கை, சீனாவின் 'மாவு ராஜா' என்று பின்னால் பெயரெடுத்த ரோங் சகோதரர்கள் 1902இல் வூஷியில் ஓட்டத் தொடங்கிய முதல் ஆலையிலும் கல்தான் அரைத்தது. பிரான்சிலிருந்து தருவித்த நான்கு கற்கள், நீராவி எஞ்சினில் பூட்டியவை. கல்லும் மெஷினும் ஜன்மப் பகை என்று யார் சொன்னது?

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பின்னாலேயே வீடியோவின் இரண்டாம் பாகம். இந்த முறை டோஃபு செய்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. கல்லைச் சுற்றுவது ஆறு விநாடி.