பால்ஃப்ரியும் புரவியும்: வேர்ச்சொல் தேடும் நண்பர்களுக்கு

பால்ஃப்ரி என்றொரு பழைய ஆங்கிலச் சொல் உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் பிரபுக்களும் சீமாட்டிகளும் மடத்துத் துறவிகளும் நெடும்பயணத்துக்கு வைத்திருந்த சவாரிக் குதிரைக்குப் பெயர் அது. இதன் வழியே பின்னோக்கிப் போனால் லத்தீனில் 'பராவெரெதுஸ்' என்ற வடிவம் வந்து நிற்கும். பரா, வெரெ என்று கேட்டதுமே நமக்குப் பரியும் புரவியும் நினைவுக்கு வந்துவிடும். பொருளும் குதிரை, ஒலியும் பக்கத்தில்தான். 'புரவிதான் ஐரோப்பாவுக்குப் போய்ப் பால்ஃப்ரி ஆனது' என்று ஒரு வரி எழுதிப் போட்டால் நாள் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

ஆனால் அது உண்மையல்ல. ஏன் அல்ல என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம். தமிழ்மேல் எனக்கிருக்கும் பற்றுதான் இதை எழுத வைக்கிறது.

கதை ரோமப் பேரரசில் தொடங்குகிறது. அகஸ்டஸ் காலத்தில் ஏற்படுத்தப்பட்ட அரசு அஞ்சல் போக்குவரத்து ஒன்று இருந்தது. நெடுஞ்சாலை நெடுக நிலையங்கள், அங்கே மாற்றுக் குதிரைகள், அனுமதிச் சீட்டோடு வரும் அரசு ஆட்கள். அந்த விரைவுக் குதிரைக்கு 'வெரெதுஸ்' என்று பெயர். ரோமர்களின் சொந்தச் சொல்கூட அல்ல அது. கோல் எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியில் கெல்ட்டிய மக்கள் பேசிய மொழியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது. அதன் உடன்பிறப்பு வேல்ஸ் மொழியில் 'கோர்வித்' என்று குதிரையைக் குறித்து நிற்கிறது. சொல்லின் பின்பாதியில் இருக்கும் வேரும், சவாரி செய்வதைச் சொல்லும் ஆங்கில வினையான 'ரைடு' என்பதன் வேரும் ஒன்றே.

முன்னால் ஒட்டியிருக்கும் 'பரா' கிரேக்கத்திலிருந்து வந்தது. பக்கத்தில், கூடுதலாக என்று பொருள். பிரதான சாலையை விட்டு விலகிக் கிளைவழிகளில் போகத் தேவைப்படும் கூடுதல் குதிரைதான் பராவெரெதுஸ். அந்தக் கூடுதல் குதிரையை யார் கொடுப்பது? அந்தந்த வட்டாரத்து மக்கள்தான் கொடுத்தாக வேண்டும். அரசு ஆள் வந்து கேட்டால் மறுக்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். கி.பி. 438இல் வெளியான தியோடோசியஸ் சட்டத் தொகுப்பில் இந்த அஞ்சல் போக்குவரத்துக்கென்றே ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. குதிரையின் மேல் 30 ரோம ராத்தலுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்கிறது 357ஆம் ஆண்டின் ஆணை ஒன்று. ஏரில் பூட்டும் மாட்டை வழிப்பயணத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறவனைக் கைது செய்யச் சொல்கிறது கான்ஸ்டன்டைன் காலத்து ஆணை. இப்படித் திரும்பத் திரும்பச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், எத்தனை உழவர்களின் கொட்டில் வெறுமையாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் சீமாட்டிகளைச் சுமந்த அந்தச் சொல்லின் அடியில் கிடப்பது குடியானவனின் குதிரை.

மேற்கே ரோம ஆட்சி போனது, சுமை போகவில்லை. ரோமர்களுக்குப் பிறகு அங்கே ஆண்ட ஃபிராங்கிய அரசர்களின் ஆணைகளிலும் மக்கள் பயணக் குதிரை கொடுக்கும் கடமை தொடர்கிறது. இதற்கிடையில் சொல் தேய்ந்தது. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்ததால் முதல் ரகரம் லகரமாகி 'பலஃப்ரெதுஸ்' ஆனது. இது இஷ்டத்துக்குச் சொன்ன விளக்கம் இல்லை. 'பெரெக்ரினுஸ்' என்ற லத்தீன் சொல் 'பில்கிரிம்' ஆனதும் இதே வழியில்தான். பழைய பிரெஞ்சில் 'பலெஃப்ரெய்' என்றாகி, 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, 1200ஐ ஒட்டி ஆங்கில எழுத்துகளில் தென்படத் தொடங்குகிறது.

அங்கே அதற்குக் கிடைத்த மதிப்பே வேறு. ஜான் மன்னர் காலத்துக் கணக்குச் சுருள்களைப் பார்த்தால், அரசரிடம் சலுகை கேட்பவர்கள் பணத்துக்குப் பதிலாகப் பால்ஃப்ரிகளைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் யாத்திரைக் கூட்டத்தில் சொகுசுப் பிரியரான ஒரு துறவியைக் காட்டும்போது, அவரை ஏற்றியிருப்பது பழுப்பு நிறப் பால்ஃப்ரியின் மேல். அந்த ஒரு சொல்லிலேயே துறவியின் வசதி தெரிந்துவிடும். பால்ஃப்ரி பராமரித்தவர்களின் தொழில்பெயரான பால்ஃப்ரிமேன் இன்றும் குடும்பப் பெயராக வழங்குகிறது.

பால்ஃப்ரி தனி இனம் கிடையாது. நடைதான் அதை அடையாளம் காட்டும். வழக்கமாகக் குதிரை சற்று வேகமெடுக்கும்போது எதிரெதிர் மூலைக் கால்களைச் சேர்த்து எடுத்து வைக்கும். சவாரி செய்பவர் தூக்கித் தூக்கிப் போடப்படுவார். பால்ஃப்ரி ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் அடுத்தடுத்து வைத்து வழுக்கிக்கொண்டு போகும். மண்சாலையில் பகல் முழுக்கச் சேணத்தில் உட்கார வேண்டியவருக்கு அது பெரிய வரம். சாலைகள் சீராகி வண்டிப் பயணம் பெருகியதும் அந்த நடைக்குத் தேவை குறைந்தது. இங்கிலாந்தில் அந்த வகைக் குதிரைகள் அருகின. சொல்லும் பழங்கதைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. அதே மென்னடையை இன்று பார்க்க வேண்டுமானால் ஐஸ்லாந்துக் குதிரைகளிடம் பார்க்கலாம்.

இதே லத்தீன் சொல் ஜெர்மனிக்கும் போனது. அங்கே 'ஃபரிஃப்ரித்' போன்ற வடிவங்களைத் தாண்டி, தேய்ந்து தேய்ந்து, இன்று 'ப்ஃபேர்ட்' என்று நிற்கிறது. எல்லாக் குதிரைக்கும் பொதுப்பெயரே அதுதான். ஆங்கில 'ஹார்ஸ்' என்பதன் உடன்பிறப்பான 'ரோஸ்' அங்கே கவிதை நடைக்கும் வட்டார வழக்குக்கும் போய்விட்டது. இங்கிலாந்தில் வந்த சொல் அலங்காரமாகி மறைந்தது, ஜெர்மனியில் வந்த சொல் வீட்டுக்காரனாகிவிட்டது.

'ப்ஃபேர்ட்' என்பதன் முதலெழுத்தைக் கவனியுங்கள். இன்றைய பொது ஜெர்மனுக்கு அடிப்படையான உயர் ஜெர்மனில் ஒரு காலத்தில் சொல் முதல் பகரம் 'ப்ஃப்' என்று மாறியது. ஆங்கிலத்தில் 'பேன்', 'பவுண்ட்', 'பெப்பர்' என்பவை அங்கே 'ப்ஃபன்னெ', 'ப்ஃபுண்ட்', 'ப்ஃபெஃபர்'. அந்த மாற்றம் முடிவதற்குள் வந்து சேர்ந்த சொற்கள்தான் இப்படி மாறின. ஆக, முதலெழுத்தே அந்தச் சொல் ஜெர்மன் மண்ணுக்கு வந்த காலத்தைச் சொல்லிவிடுகிறது. (பெப்பரின் மூலம் இந்தியாதான். நம் திப்பிலியோடு தொடர்புடைய 'பிப்பலி'தான் கிரேக்கம், லத்தீன் வழியாக அங்கே போனது. இதைப் பெருமையாகச் சொல்லலாம், ஏனென்றால் ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் இருக்கிறது.)

இத்தாலிய மொழியில் நடந்தது இன்னொன்று. அங்கே இது 'பலஃப்ரேனோ' ஆனது. கடிவாளத்துக்கு அவர்கள் மொழியில் 'ஃப்ரேனோ' என்று பெயர். குதிரை என்றால் கடிவாளம் இல்லாமலா என்று மக்கள் தாமாகவே முடிச்சுப் போட்டு, சொல்லின் வாலை மாற்றிவிட்டார்கள். ஒலியும் பொருளும் பொருந்தி வந்தாலே மனித மனம் உறவு கட்டிவிடும். எல்லா ஊரிலும் அப்படித்தான். அதனால்தான் ஆய்வுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது.

இப்போது புரவிக்கு வருவோம். காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டங்களை அடுக்கும் பட்டினப்பாலை, 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்' என்கிறது. கடல் வழியாக இங்கே வந்து இறங்கிய குதிரைகள். அந்த அடியில் பரி என்பதற்குக் குதிரை என்ற பொருளே இல்லை. ஓட்டம், வேகம் என்பதுதான் பொருள். பரியையும் புரவியையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் முதலில் நம் புலவர்கள் அந்தச் சொற்களை எப்படி ஆண்டார்கள் என்று பார்க்க வேண்டாமா? பராவெரெதுஸின் இரண்டு துண்டுகளுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். முன்பாதி கிரேக்கனுடையது, பின்பாதி கெல்ட்டியனுடையது. நடுவில் புரவி நுழைய இடமே இல்லை.

எனக்கு உண்மையாகவே வலிப்பது இது. 1816இல் சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியில் பிறந்தவை அல்ல, தமக்கென்று தனி வேர் கொண்ட குடும்பம் என்று எழுதினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். அவர்கள் பயன்படுத்தியது ஒப்பீட்டு முறை. நம் பால், பல், பத்து, புலி ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என்று ஒரே ஒழுங்கில் மாறி நிற்பதைப் போன்ற சான்றுகளை அடுக்கும் முறை. ஒரு சொல் ஒத்திருந்தால் தற்செயலாக இருக்கலாம், வரிசையாக ஒத்திருந்தால் உறவு. தமிழ் தனித்து நிற்கும் மொழி என்று உலகம் ஒப்புக்கொண்டது இந்த முறையின் பலத்தில்தான். அதே முறையை நாமே தூக்கிப் போட்டுவிட்டு, காதுக்கு ஒத்தால் போதும் என்று சொன்னால், தமிழ்ச் சொற்களையெல்லாம் சமஸ்கிருதம் என்று காதொலியை வைத்துச் சாதிப்பவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

ஆகவே வேர்ச்சொல் பதிவு எழுதும் நண்பர்களே, அந்தச் சொல் முதன்முதலில் எந்த நூற்றாண்டில் எழுத்தில் வருகிறது, இடைப்பட்ட வடிவங்கள் என்னென்ன, அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நானே முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

குதிரையிலேயே நமக்கு அருமையான வேலை காத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் குதிரைக்கு 'இவுளி' என்றொரு பெயர் வரும். இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. பலுசிஸ்தானில், நம்மிடமிருந்து அவ்வளவு தொலைவில், திராவிட மொழியான பிராகுயி பேசும் மக்கள் குதிரையை 'ஹுல்லி' என்கிறார்கள். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவ்விரண்டையும் ஒரே பதிவில் வைத்திருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், புறநானூறு நடத்தும்போது ஒரு ஐந்து நிமிடம் இவுளிக்கும் கொடுங்கள்.