சைக்கோ பாஸ்

மருமகன்: மாமா, ‘சைக்கோ-பாஸ்’ பார்த்திருக்கிறீர்களா?

மாமா: தினமும் காலை 9.30-க்குப் பார்க்கிறேன். கேபின் கதவு திறந்தேதான் இருக்கும்.

மருமகன்: ஐயோ, அந்த பாஸ் இல்லை. ஜப்பான் அனிமே, அதாவது அனிமேஷன் தொடர். 2012-இல் வந்தது. கதை நடப்பது 22-ஆம் நூற்றாண்டில். ‘சிபில்’ என்று ஓர் அமைப்பு, தெருவில் போகிறவன் மனதை ஸ்கேன் செய்து நம்பர் போடும். 100-ஐத் தாண்டினால், குற்றமே செய்யாவிட்டாலும் நீங்கள் குற்றவாளி. 300-ஐத் தாண்டினால் போலீஸ் துப்பாக்கி ஆளையே சிதறடித்துவிடும்.

மாமா: அப்ரைசல் என்று நேரடியாகச் சொல்லேன்.

மருமகன்: அந்தத் துப்பாக்கி பேசும் மாமா! நொரிகோ ஹிதாகாவின் குரல். ஒரு சொட்டு உணர்ச்சி இருக்காது. சுடுவதற்கு முன்னால் அவ்வளவு நிதானமாக விவரம் சொல்லும்.

மாமா: எச்.ஆர்.

மருமகன்: விளையாடாதீர்கள். அதையெல்லாம் ஒரிஜினலில்தான் கேட்க வேண்டும். டப்பிங் என்றாலே எனக்கு அலர்ஜி.

மாமா: உனக்கு ஜப்பானிய மொழி தெரியுமா?

மருமகன்: ‘நானி’, ‘பாகா’... ஆனால் உணர்ச்சி புரியும்.

மாமா: நேற்று ராத்திரி நீ பார்த்தபோது நானும் சோபாவில்தான் இருந்தேன். மேலே ஒருத்தி உதட்டைக் கடித்து அழுகையை அடக்குகிறாள். உன் கண் கீழே சப்டைட்டிலின் இரண்டாவது வரியில், கமா பக்கம் நின்றுகொண்டிருந்தது.

மருமகன்: சரி, அதை விடுங்கள். ‘சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்’ பாருங்கள். 2022. பத்தே எபிசோடு. சைக்கோ-பாஸ் மூளையைக் குடையும், இது நெஞ்சைப் பிசையும். ஒரிஜினலில் பார்த்தால் அழுதுவிடுவீர்கள்.

மாமா: கதை எங்கே நடக்கிறது?

மருமகன்: நைட் சிட்டி. கலிபோர்னியாவில்.

மாமா: பையன் பெயர்?

மருமகன்: டேவிட் மார்டினெஸ்.

மாமா: கதை ஜப்பான்காரர்களே யோசித்ததா?

மருமகன்: இல்லை... போலந்து கம்பெனியின் வீடியோ கேம் உலகம். படம் வரைந்தது ஜப்பானின் ட்ரிக்கர் ஸ்டூடியோ.

மாமா: ஆக, கலிபோர்னியா டேவிட் ஜப்பானிய மொழி பேசினால் ஒரிஜினல். தமிழ் பேசினால் உனக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

மருமகன்: தமிழ் வாயசைவுக்கு உட்காராது மாமா.

மாமா: ஜப்பானியத்தில் வினைச்சொல் எங்கே வரும்?

மருமகன்: கடைசியில்.

மாமா: நம்மிடம்?

மருமகன்: ...கடைசியில்.

மாமா: ‘உன் அப்பாவை நான் கொல்ல...’ என்று வில்லன் இழுக்கிறான். மூச்சு விடுகிறான். ‘...வில்லை’ என்கிறான். தமிழில் இந்த இழுவை அப்படியே நிற்கும். நீ படிக்கிற இங்கிலீஷ் வரியில் ‘ஐ டிடின்ட்’ முதலிலேயே வந்து நிற்கும். அவன் மூச்சு விடுவதற்குள் நீ சஸ்பென்ஸைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருப்பாய்.

மருமகன்: ஜப்பானில் குரல் நடிப்பே தனிக் கலை மாமா. முதலில் படம், அப்புறம்தான் குரல். ‘அஃபுரேகோ’ என்பார்கள். பல நேரம் பாதி வரைந்த படத்தைப் பார்த்தே பேசுவார்கள்!

மாமா: படத்தைப் பார்த்து, வாயசைவுக்கு, மைக் முன்னால் நின்று பேசுவது. கோடம்பாக்கத்தில் அதற்கு என்ன பெயர்?

மருமகன்: (முனகலாக) டப்பிங்.

மாமா: காதில் விழவில்லை. சப்டைட்டில் போடு.

மருமகன்: ஆனால் நம் டப்பிங்கில் தாத்தா, போலீஸ், பூதம் எல்லாம் ஒரே தொண்டை!

மாமா: அது உண்மை. எனக்கும் எரிச்சல்தான். மூன்று பேர் வேலையை ஒருத்தர் தலையில் கட்டினால் தொண்டை ஒன்றாகத்தானே இருக்கும்? உன் அத்தை இன்றைக்கும் மைக் மோகன் குரலுக்கு உருகுகிறாள். அது எஸ்.என்.சுரேந்தர் குரல் என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறாள்.

மருமகன்: குரல் கொடுத்தவர்கள் பெயர் கடைசியில் வருமே.

மாமா: வரும். அதற்குள் ‘அடுத்த எபிசோடு’ என்று ஒரு பொத்தான் வரும். அமுக்குவது யார்?

(மாமாவின் போன் அடிக்கிறது. முகம் சுருங்குகிறது.)

மருமகன்: யார் மாமா?

மாமா: நீ முதலில் சொன்ன தொடர்தான். ஒரிஜினல் குரலில்.